‘பரிசீலிக்க’ என்ற சொல்லின் விலை

பணிவரன்முறை கேட்டோ, தட்டிப்போன பதவி உயர்வை முன்தேதியிட்டுத் தரக் கேட்டோ தீர்ப்பாயத்துக்குப் போய் ஓர் அரசு ஊழியர் வென்றுவிட்டால், அவர் கைக்கு வரும் தீர்ப்பாணையின் கடைசிப் பத்தி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். மனுதாரரின் கோரிக்கையை விதிகளுக்கு உட்பட்டு, தகுதியின் அடிப்படையில் பரிசீலித்து, ஆணையின் நகல் கிடைத்த 12 வாரங்களுக்குள் தக்க உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்று அது சொல்லும். சங்க அலுவலகத்தில் இனிப்பு வழங்கப்படும். பன்னிரண்டு வாரம் ஏழெட்டு மாதமாக நீண்டபின் பழுப்பு உறையில் ஒரு கடிதம் வரும்: பார்வை ஒன்றில் காணும் தீர்ப்பாணையின்படி தங்கள் கோரிக்கை கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது, நடைமுறையில் உள்ள அரசாணைகளின்படி அதை ஏற்க இயலவில்லை எனத் தெரிவிக்கலாகிறது. தீர்ப்பு நிறைவேற்றப்பட்டுவிட்டது. ஊழியருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டும் ஒருசேர உண்மை என்பதுதான் இந்த வழக்குகளின் விசித்திரம்.

தீர்ப்புகள் அமலாகாததற்கு அதிகாரிகளின் ஆணவமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆணவம் இல்லாமல் இல்லை. ஆனால், பெரும்பாலான கோப்புகளில் நடப்பது மீறல் அல்ல. எதுவும் தராமலேயே நிறைவேற்றிவிடத் தோதாக எழுதப்பட்ட ஆணையை, எதுவும் தராமலேயே நிறைவேற்றுவது. எனவே, அமலாக்கத்துக்கான சண்டை தீர்ப்புக்குப் பிறகு அல்ல, தீர்ப்பு எழுதப்படும்போதே தொடங்க வேண்டும். எந்தப் பதவி, எந்தத் தேதி முதல், எவ்வளவு நிலுவை, யார் கையெழுத்திட வேண்டும், தவறினால் என்ன ஆகும் என்ற ஐந்தையும் ஆணையே சொல்லிவிட்டால், அவமதிப்பு வழக்குகளில் பெரும்பகுதிக்கு வேலையே இருக்காது.

உச்ச நீதிமன்றத்துக்கு இது புதிய செய்தி அல்ல. 2006இல் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் அதன் ஊழியர்களுக்கும் இடையிலான வழக்கில், ‘பரிசீலிக்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பும் ஆணைகள் என்னென்ன குழப்பங்களை உண்டாக்குகின்றன என்பதை அது விரிவாகவே அலசியது. உரிமை இருக்கிறது என்று தீர்மானித்துவிட்டு, அதன்படி பரிசீலிக்கச் சொல்வது ஒரு வகை. உரிமை பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், மனுவைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வது இன்னொரு வகை. இரண்டிலும் வினைச்சொல் ஒன்றுதான். முதல் வகையை இரண்டாவதாக வாசிப்பதில்தான் அலுவலகங்களின் கைத்திறன் இருக்கிறது. நீதிபதி பத்துப் பக்கம் காரணம் எழுதி ஊழியரின் வாதத்தை ஏற்றிருப்பார்; பிரிவு எழுத்தரோ கடைசிப் பத்தியை மட்டும் குறிப்பேட்டில் எடுத்து எழுதுவார். கோப்பு மேலே ஏறும்போது அந்தப் பத்துப் பக்கமும் ‘இணைப்பு’ ஆகிவிடுகிறது. இணைப்பை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்?

அப்படியானால் அவமதிப்பு வழக்கு எதற்கு என்று கேட்கலாம். 1985ஆம் ஆண்டின் நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, உயர் நீதிமன்றத்துக்கு உள்ள அதே அவமதிப்பு அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்கும் தருகிறது. ஏட்டில் இது பெரிய ஆயுதம்; பணி வழக்குகளில் மொண்ணைக் கத்தி. அவமதிப்பு மனுவை ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். நினைவூட்டுக் கடிதங்கள் எழுதி, ‘கோப்பு நிதித் துறையில் இருக்கிறது’ என்ற பதிலை நம்பிக் காத்திருக்கும் ஊழியருக்கு அந்த ஓராண்டு சத்தமில்லாமல் கழிந்துவிடும். உரிய காலத்தில் போட்டாலும் கேள்வி சுருங்கிவிடுகிறது: எதிர்மனுதாரர் வேண்டுமென்றே கீழ்ப்படியவில்லையா? ‘பரிசீலித்துவிட்டோம்’ என்ற கடிதம் அந்தக் கேள்விக்குப் போதுமான பதில். ராஜஸ்தானின் பணிமூப்புப் பட்டியல் ஒன்று தொடர்பாக 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்த வாசலை மேலும் குறுக்கியது. தீர்ப்பைத் தொடர்ந்து அரசு ஓர் உத்தரவைப் போட்டுவிட்டால், அது சரியா தவறா என்று அவமதிப்பு வழக்கில் ஆராய முடியாது. அது புதிய வழக்குக்கான காரணம் என்றது அத்தீர்ப்பு. சட்ட வாதமாக அதில் குறை சொல்வது கடினம். நடைமுறையில் அதன் பொருள், தவறாக நிறைவேற்றுபவர் தப்பிக்கிறார், வென்றவர் மறுபடி முதல் படியில் நிற்கிறார் என்பதே. இத்தனையும் தாண்டி அவமதிப்பு நிரூபணமானால் தண்டனை அதிகபட்சம் ஆறு மாதம் சிறை, 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மன்னிப்புக் கேட்டால் அதுவும் பெரும்பாலும் இல்லை.

ஜம்மு காஷ்மீர் தினக்கூலிப் பணியாளர்களின் வழக்கு, இந்த ஆயுதத்தின் வேகத்துக்கு நல்ல அளவுகோல். அவர்களின் பணிவரன்முறைக் கோரிக்கையை 1994ஆம் ஆண்டின் விதிகளின்படி முடிவு செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2007இல். அந்த எளிய ஆணையைக்கூட 16 ஆண்டுகள் நிறைவேற்றாமல் இழுத்தடித்துவிட்டு, அரசுத் தரப்பு உச்ச நீதிமன்றத்துக்கே மேல்முறையீட்டோடு வந்து நின்றது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, அதிகாரிகளின் பிடிவாதத்தைக் கடுமையாகக் கண்டித்து, 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தது. அதைத் தவறிழைத்த அதிகாரிகளிடமே வசூலிக்கவும் சொன்னது. கண்டனம் சரி. 25,000 ரூபாயைப் பதினாறு ஆண்டுகளுக்கு வகுத்துப் பார்த்தால் மாதத்துக்கு 130 ரூபாய் சொச்சம் வருகிறது. ஒரு தீர்ப்பைக் கிடப்பில் போடுவதற்கான வாடகை அவ்வளவுதான் என்றால், கிடப்பில் போடுவதே மலிவு.

இன்னொரு வழக்கமும் உண்டு. மேல்முறையீட்டுக்கான கெடு முடிந்து, அவமதிப்பு நோட்டீஸ் வந்த பிறகு அவசர அவசரமாக மேல்முறையீடு தயாராகும். 2020இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இவற்றுக்கு ‘சான்றிதழ் வழக்குகள்’ என்றே பெயர் வைத்தது. தோற்பது உறுதி என்று தெரிந்தே தாக்கல் செய்வார்கள். ‘மேலே போய்ப் பார்த்தோம், தள்ளுபடியாகிவிட்டது’ என்று கோப்பில் வைக்க ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவே. மேல்முறையீடு தாக்கல் செய்ததாலேயே கீழ் ஆணைக்குத் தடை வந்துவிடாது என்பது சட்டத்தின் அரிச்சுவடி. ஆனாலும், ‘மேல்முறையீடு நிலுவையில் உள்ளது’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டே ஆண்டுகளைத் தள்ளும் அலுவலகங்கள் இல்லாத மாவட்டம் இருக்காது. 1997இல் சந்திரகுமார் வழக்கின் தீர்ப்பு, தீர்ப்பாய ஆணைகளை உயர் நீதிமன்ற அமர்வின் மறுஆய்வுக்கு உட்படுத்தியது. அரசமைப்பு நோக்கில் அது தேவையானதே. வென்ற ஊழியருக்கோ படிகளில் ஒன்று கூடியது.

சொத்து வழக்கில் தாமதம் இழப்பை உண்டாக்கும். பணி வழக்கில் தாமதம் உரிமையையே தின்றுவிடும். இந்த வேறுபாட்டைப் பொதுவிவாதங்கள் கவனிப்பதில்லை. ஊழியரின் வாழ்க்கையில் ஓய்வுபெறும் நாள் என்றொரு சுவர் இருக்கிறது. மேற்கு வங்கத் தடயவியல் ஆய்வகத்தின் அறிவியல் அலுவலர் ஒருவரின் பதவி உயர்வுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2016 டிசம்பர் கடைசி வாரத்தில் பரிந்துரைத்தது. டிசம்பர் 31இல் அவர் ஓய்வுபெற்றார். இறுதி ஒப்புதல் ஜனவரி 4ஆம் தேதி வந்தது. மாநில நிர்வாகத் தீர்ப்பாயம், பணியாற்றாவிட்டாலும் அப்பதவியின் பணப்பலனைக் கருத்தியலாகவேனும் கொடுங்கள் என்றது. உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது: பதவி உயர்வு பொறுப்பேற்ற நாளிலிருந்தே செல்லும், பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவதுதான் உரிமை, பதவி உயர்வே உரிமை அல்ல. நான்கு நாள். அந்த நான்கு நாளுக்கு அவர் பொறுப்பல்ல. ஆனால், விலை கொடுத்தது அவரது ஓய்வூதியம். பரிசீலிக்கப்படுவதே உரிமை என்றால், காலத்தோடு பரிசீலிக்கப்படுவதும் அந்த உரிமைக்குள் அடங்க வேண்டாமா என்ற கேள்விக்கு அத்தீர்ப்பில் எனக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் தேதியின் கனம் இன்னும் கூடுதல். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டார்கள். ஆகவே தொண்ணூறுகளில் தினக்கூலியாகவோ தொகுப்பூதியத்திலோ நுழைந்து, பின்னால் பணிவரன்முறை பெற்றவருக்கு, ஆணையில் ‘முதல்’ என்ற சொல்லுக்கு முன்னால் எந்தத் தேதி இருக்கிறது என்பது மாதச் சம்பளத்தைவிடப் பெரிய கேள்வி. 2006 பிப்ரவரியில் வந்த அரசாணை எண் 22, அந்த ஆண்டு ஜனவரி 1இல் பத்தாண்டு முடித்த முழுநேரத் தினக்கூலிகளை வரன்முறை செய்தது. பத்தாண்டை எந்த நாளில் எண்ணுவது, முழுநேரம் என்றால் என்ன, எந்தத் தேதி முதல் பலன் என்று அதைச் சுற்றி மூண்ட வழக்குகள் ஒரு தலைமுறை வழக்கறிஞர்களுக்குச் சோறு போட்டன. 2002இல் நீக்கப்பட்டு 2006இல் மீண்டும் எடுக்கப்பட்ட சாலைப் பணியாளர்களும் அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாக்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகத் தெருவில் நின்றார்கள். பணிப்பதிவேட்டில் ஒரு வரிதான் கேட்டார்கள். ஆனால், அந்த வரி இல்லாமல் முடியும் பதிவேட்டை ஓய்வூதியக் கணக்கில் சரிசெய்ய வழி இருக்காது.

இந்தப் பின்னணியில்தான் 2025 ஆகஸ்ட் 19 அன்று உச்ச நீதிமன்றம் தரம் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பு முக்கியமானது. உத்தரப் பிரதேச உயர்கல்விப் பணிகள் ஆணையத்தில் 1989 முதல் 1992 வரையிலான ஆண்டுகளில் தினக்கூலியாகச் சேர்ந்த கடைநிலைப் பணியாளர்களும் ஓட்டுநரும் அதில் மேல்முறையீட்டாளர்கள். பணியிடங்களை உருவாக்க ஆணையம் கேட்டது. நிதி இல்லை என்று 1999இல் அரசு மறுத்தது. புதிதாக முடிவெடுங்கள் என்று 2002 ஏப்ரல் 24இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2003இல் மீண்டும் மறுப்பு. நாம் மேலே பார்த்த ‘பரிசீலனை’ நாடகத்தின் முழுப் பிரதி இது. உச்ச நீதிமன்றம் மூன்றாவது முறையாகப் பரிசீலிக்கச் சொல்லி அனுப்பவில்லை. அனைவரும் 2002 ஏப்ரல் 24 முதல் பணிவரன்முறை செய்யப்பட்டவர்கள் என்று தானே அறிவித்தது. காலியிடம் இல்லை என்ற பதிலுக்கு இடம் வைக்காமல், கூடுதல் பணியிடங்களை நிபந்தனையின்றி உருவாக்கச் சொன்னது. நிலுவைக்கு மூன்று மாதம் கெடு. தவறினால் 6 விழுக்காடு கூட்டு வட்டி. நான்கு மாதத்துக்குள் நிறைவேற்ற அறிக்கையை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். இப்படிக் கெடு வைத்து எழுதுவது வழக்கமான இழுத்தடிப்புக்கு இடம் தராமல் இருப்பதற்கே என்றும் தெரிவித்தது. தேர்ந்தெடுத்த தேதியையும் கவனியுங்கள். பணியில் சேர்ந்த நாளும் அல்ல, தீர்ப்பு நாளும் அல்ல. அரசு முதன்முதலில் நேர்மையாக முடிவெடுக்கச் சொல்லப்பட்ட நாள். தாமதத்தின் சுமை தாமதித்தவர் மேல் விழுகிறது.

இந்த எழுத்துமுறைக்கு உச்ச நீதிமன்றத்தின் தனி அதிகாரம் தேவை என்பதில்லை. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் 1987ஆம் ஆண்டு நடைமுறை விதிகளில் 24ஆவது விதி, தன் ஆணைகளுக்குச் செயல்வடிவம் கொடுக்கத் தேவையான உத்தரவுகளைப் பிறப்பிக்க அதற்கு அதிகாரம் தருகிறது. மூலச் சட்டத்தின் 27ஆவது பிரிவு ஆணையின் நிறைவேற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. அவமதிப்பு வழக்கில் ‘வேண்டுமென்றா?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. நிறைவேற்று மனுவில் ‘நடந்ததா?’ என்று கேட்டால் போதும். அதிகாரியின் மனத்தைத் துருவுவதைவிடப் பணிப்பதிவேட்டைத் திறந்து பார்ப்பது எளிது. இருந்தும் வழக்கறிஞர்கள் முதலில் அவமதிப்பையே நாடுகிறார்கள், அதில் பயமுறுத்தல் இருக்கிறது என்பதால். அந்தப் பயமும் பழகிவிட்டது.

எதிர்வாதங்களில் வலுவானது உமாதேவி தீர்ப்பு. 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கொல்லைப்புறமாக வந்தவர்களை நீதிமன்ற ஆணைகளின் வழியாக நிரந்தரமாக்குவது, வெளியே காத்திருக்கும் லட்சக்கணக்கான இளைஞர்களின் சமவாய்ப்பைப் பறிப்பதாகும் என்றது. அந்தக் கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். பணிவரன்முறை கேட்கும் எல்லோருக்கும் கேட்டது கிடைக்க வேண்டும் என்பது என் வாதம் அல்ல. ஆனால், அதே தீர்ப்பு, ஒப்பளிக்கப்பட்ட இடங்களில் நீதிமன்றத் தடையாணையின் துணையின்றிப் பத்தாண்டுக்கு மேல் வேலைபார்த்தவர்களை ஒருமுறை நடவடிக்கையாக வரன்முறை செய்யும் பணியை ஆறு மாதத்துக்குள் தொடங்கவும் சொன்னது. தீர்ப்பின் முதல் பாதியை எதிர்வாத உரைகளில் மேற்கோள் காட்டாத அரசு இல்லை. இரண்டாம் பாதியை நேரத்தோடு செய்த அரசைத் தேடத்தான் வேண்டும். தகுதியுள்ள அனைவரையும் பரிசீலிக்காதவரை அந்த ஒருமுறை நடவடிக்கை முடிந்ததாகாது என்று 2010இல் கேசரி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்க வேண்டிவந்தது. 2024 டிசம்பரின் ஜக்கோ வழக்கில், ஃபரிதாபாதில் மத்திய நீர் ஆணைய அலுவலகத்தைத் தொண்ணூறுகளிலிருந்து பெருக்கித் துடைத்தும் தோட்டத்தைப் பராமரித்தும் வந்தவர்களை, தீர்ப்பாயத்தில் அவர்கள் தோற்ற 2018ஆம் ஆண்டிலேயே வெளியே அனுப்பியிருந்தார்கள். பெருக்கும் வேலை தொடர்ந்தது. ஆட்கள் மட்டும் மாற வேண்டும். உமாதேவி தீர்ப்பைச் சுரண்டலுக்குக் கேடயமாக்கக் கூடாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவர்களை வரன்முறை செய்தது. யாருக்கு உரிமை உண்டு என்று முடிவு செய்யும் கட்டத்தில் உமாதேவியை எவ்வளவு கண்டிப்பாக வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். முடிவு செய்த பிறகு அதை நிறைவேற்றாமல் இருக்க அத்தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை.

முன்தேதியிட்ட பதவி உயர்வுக்கு எதிராக ‘வேலை இல்லையேல் ஊதியம் இல்லை’ என்ற வாய்ப்பாடு எப்போதும் தயாராக இருக்கும். உயர்பதவியில் பணியாற்றாதவருக்கு அதற்கான நிலுவை எதற்கு? 1991இல் ஜானகிராமன் வழக்கு இதற்கு நேரான பதிலைத் தந்தது: பணியாற்றத் தயாராக இருந்தவரை, அவர் தவறு எதுவும் இல்லாமலே நிர்வாகம் தடுத்துவைத்தால், அந்த வாய்ப்பாடு பொருந்தாது. 2007இல் பாஸ்கரன் பிள்ளை வழக்கில், இதற்கு ஒரே அளவுகோல் கிடையாது, வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சரி, பார்க்கட்டும். ஆனால், அதைப் பார்க்க வேண்டியது தீர்ப்பாயம். மாவட்டக் கருவூலமோ துறையின் கணக்குப் பிரிவோ அல்ல. ‘பணப்பலனுடன்’ என்றோ ‘கருத்தியலாக, ஓய்வூதியத்துக்கு மட்டும்’ என்றோ ஆணையில் ஒரு சொல் விழாவிட்டால், அந்த இடைவெளியைத் தணிக்கையாளர் தன் பேனாவால் நிரப்புவார். தணிக்கையாளரின் பேனாவுக்குத் தாராளம் தெரியாது.

ஒருவரை முன்தேதியிட்டு உயர்த்தினால், இடையில் உயர்ந்தவர்கள் கீழே தள்ளப்படுவார்களே என்பது உண்மையான சிக்கல். 2006இல் தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் மூடப்பட்ட பிறகு மாநில அரசு ஊழியர்களின் பணி வழக்குகளெல்லாம் உயர் நீதிமன்றத்துக்கே போகும் நம் மாநிலமே இதற்கு ஓர் உதாரணம். தேர்வாணையம் வழியாக வந்தவர்களின் பணிமூப்பை இனச்சுழற்சி வரிசைப்படி வைப்பதா, தேர்வின் தரவரிசைப்படி வைப்பதா என்ற வழக்கில், தரவரிசையே சரி என்று 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. பட்டியலைத் திருத்தாததால் அவமதிப்பு வழக்கு வந்து, 2021 அக்டோபரில் 12 வாரக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. பட்டியல் திருத்தப்படாமல் கிடந்த ஒவ்வொரு மாதமும் தவறான வரிசையில் மேலும் சிலர் உயர்ந்துகொண்டேதான் இருப்பார்கள். அதாவது, மூன்றாம் நபர் பாதிப்பு என்ற சிக்கலைப் பெருக்கியது தீர்ப்பு அல்ல, தாமதம்தான். ஏற்கெனவே உயர்ந்தவரை இறக்காமல், பாதிக்கப்பட்டவருக்குக் கூடுதல் பணியிடம் உருவாக்கி, அடுத்த ஓய்வில் அதை ஈடுசெய்துகொள்ளும் வழி நிர்வாகத்துக்குப் புதியதல்ல. அதைச் செய்யச் சொல்லி ஆணையில் எழுதத்தான் வேண்டும்.

செயலாளர்களை நாள்தோறும் நீதிமன்றத்தில் நிறுத்தினால் நிர்வாகம் எப்படி நடக்கும் என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே, அதிகாரிகளை நேரில் வரவழைப்பதற்கு ஒரு நிலையான நடைமுறையை வகுத்து, தேவையில்லாமல் அழைக்க வேண்டாம் என்றது. என் வாதத்துக்கு இது துணைதான். செயலாளர் கூண்டில் நிற்பதால் ஊழியரின் பதிவேட்டில் எதுவும் எழுதப்பட்டுவிடுவதில்லை. தலைமைச் செயலகத்தின் உச்சியில் இருப்பவரை அழைத்துத் திட்டுவதைவிட, ஆணையில் நியமன அதிகாரியைப் பதவிப்பெயரால் குறிப்பிட்டு, கெடுவுக்குப் பிறகான வட்டி அவரது பொறுப்பு என்று எழுதிவைப்பது அமைதியானது, மரியாதையானது, பயன் தருவதும்கூட. நிதிச்சுமை என்ற வாதத்தையும் இங்கேயே முடித்துவிடலாம்: கெடுவுக்குள் கொடுத்தால் வட்டி கிடையாது.

நிறைவேற்ற அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் தீர்ப்பாயமே சொல்லிவிடலாம். ‘தீர்ப்பாணை மதித்து நடக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி உறுதிமொழிப் பத்திரம் எதற்கும் உதவாது. பணிவரன்முறைத் தேதி சிவப்பு மையில் எழுதப்பட்டு, நியமன அதிகாரி சுருக்கொப்பம் இட்ட பணிப்பதிவேட்டுப் பக்கத்தின் நகலும், நிலுவைப் பட்டியல் கருவூலத்தில் ஏற்கப்பட்ட எண்ணும் அதோடு இணைக்கப்பட வேண்டும். இணைக்காத அறிக்கையைப் பதிவகமே திருப்பி அனுப்பிவிடலாம்; நீதிபதியின் மேசைவரை அது போக வேண்டியதில்லை.